அனுமதிப் பத்திரமும் நமது இலக்கியமும்

பன்விலக் கடைத்தெருவைத் தாண்டி மடுல்கலையை நோக்கி ஏறும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே அமைந்த ஒரு தோட்டப் பாடசாலையில், ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் சேர்ந்து ஒரு வாசகர் வட்டத்தை நடத்தி வருகின்றனர். மலையக நாவலையும் சிறுகதையையும் பற்றி அங்கே உரையாற்றும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. நாமும் வழக்கம்போலவே பேசினோம். யதார்த்தவாதம் பற்றிக் கூறினோம். உழைப்பையும் சுரண்டலையும் நமது எழுத்தாளர்கள் எவ்வாறு சித்திரித்தனர் என்பதை விளக்கினோம். கூட்டம் முடியும் தறுவாயில் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், எங்க தாத்தா ஒரு பிஸ்கட் தகரத்துல பழைய கடதாசியெல்லாம் போட்டு வச்சிருக்காரு. மழை ஒழுகுனா வீட்டுல மொதல்ல அதைத்தான் தூக்குவாரு. நீங்க சொன்ன கதைகள்ல எதுலயாவது அந்தக் கடதாசி வருதா?”

இக்கேள்விக்கு அன்று நாம் அளித்த விடை நமக்கே திருப்தியளிக்கவில்லை. மறுநாள் அம்முதியவரின் லயத்துக்குச் சென்று, அவருடைய அனுமதியோடு அத்தகரப் பெட்டியைப் பார்த்தோம். முதியவரின் தகப்பனார் இலங்கைப் பிரஜாவுரிமை கோரி விண்ணப்பித்ததற்கும், அது நிராகரிக்கப்பட்டதற்குமான கடிதங்கள் அதில் இருந்தன. முதியவரின் பெயரில் ஓர் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது; அது ஒரு தடவையேனும் கடல் கடந்ததில்லை. அதன் ஏட்டிலே, புறப்படும் நாள்வரை இந்நாட்டில் வசிக்கலாமென்று இலங்கை அரசாங்கம் குத்திய விசா முத்திரை இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் இலங்கைப் பிரஜையானதற்கான பத்திரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, புதிய காகிதமாக, வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக உள்ள அவருடைய மகளின், அதாவது அம்மாணவியின் தாயாரின், விசாவின் பிரதி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நான்கு தலைமுறை, ஒரு தகரப் பெட்டி. இவ்வளவு காகிதங்களுக்கும் பொதுவான சொல் ஒன்றுண்டு. ‘தற்காலிகம்’ என்பதே அச்சொல். இச்சொல்லை நமது இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

*

முதலில் இப்பத்திரங்களின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். ஏனெனில் வரலாற்றை அறியாத விமர்சனம் வெறும் ரசனைக் குறிப்பாகவே முடியும்.

தோட்டத் தொழிலாளியின் வாழ்வு தொடக்கத்திலிருந்தே துண்டுகளால் ஆளப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளிக்கு, அவன் எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதைக் குறிக்கும் தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. தோட்டத்துக்கு வந்தபின், கங்காணியிடம் பட்ட கடனைக் குறிக்கும் ‘துண்டு’ வந்தது. கடனைத் தீர்த்து அத்துண்டைப் பெறாதவனை வேறு தோட்டம் ஏற்காது. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் மனிதனை ஒரு காகிதத்தால் கட்டிவைக்கும் வழக்கம் ஒழியவில்லை. அது கங்காணியின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பான்மையோரைப் பிரஜைகளல்லாதோர் ஆக்கிற்று. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம், பிரஜையல்லாதவன் இந்நாட்டில் இருப்பதற்கு அனுமதி வேண்டுமென்றது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் அவனது வாக்கைப் பறித்தது. கண்டியிலும் மாத்தளையிலும் கடைச் சிப்பந்திகளாக இருந்த தமிழகத்தார் தற்காலிக வதிவிட அனுமதிப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடிய காலம் அது. அதனை மக்கள் ‘டி.ஆர்.பி.’ என்றே அழைத்தனர். பத்திரமில்லாதவனுக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது: கள்ளத்தோணி. பின்னர் அந்தச் சொல் பத்திரம் உள்ளவன், இல்லாதவன் என்ற வேறுபாட்டையும் மறந்து, ஓர் இனம் முழுவதன் மீதும் எறியப்பட்ட கல்லாயிற்று.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்ததாகக் கூறுவர். அக்கதவின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். ஊருக்குப் போனவர் ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அவருடைய வதிவு அறுபட்டதாகும். மணமான ஓராண்டுக்குள் மனைவியும் இங்கு வந்து, பின்னர் இடையறாது இங்கேயே இருந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதியோடு விண்ணப்பிக்கும் காலம் முடிவடைந்தது. சுமார் 8,25,000 பேரின் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

இவ்வெண்களுக்குப் பின்னால் உள்ள மனிதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தோட்டத்துச் செக்ரோலில் ஒருத்தியின் பெயர் கருப்பாயி. பிறப்புப் பதிவில் கறுப்பி. மணப் பதிவோ இல்லவே இல்லை. சாகக் கிடந்த தாயைப் பார்க்க ஊருக்குப் போனவள் பிள்ளைப்பேறும் முடித்துப் பதினாலாம் மாதம் திரும்புகிறாள். பதினாலு மாதம் தாயருகே இருந்த குற்றத்துக்கு அவள் ஒரு நாட்டை இழக்கிறாள். இதைக் காட்டிலும் கூரிய துன்பியல் பொருள் ஒரு நாவலாசிரியனுக்கு வேறெங்கு கிடைக்கும்?

அடுத்து, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. 1974ஆம் ஆண்டில் அந்த எச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. பங்கிடப்பட்டோரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இவ்வொப்பந்தத்தின் ஒரு விதியை நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவர்களுக்கு, புறப்படும் வரை இங்கே வசிப்பதற்குக் கட்டணமின்றி விசா வழங்கப்படும். வேலையிலிருப்போர் புறப்படும் நாள்வரை, அல்லது 55 வயது வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, வேலையில் நீடிக்கலாம்.

இந்த விதியிலே தற்காலிகம் என்ற சொல்லின் முழுப்பொருளும் அடங்கியிருக்கிறது. போகப் போகிறவன் என்பதனாலேயே அவனுக்கு இருக்க அனுமதி. கைகால் ஓடும் வரையில் அவன் தேவை, ஓடாதபோது தேவையில்லை. உழைப்புச் சக்தியை வாங்குவோர் உழைப்பாளியை வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. அவனைப் பெற்று வளர்த்த செலவை ஓர் ஊர் ஏற்க வேண்டும். முதுமையில் அவனுக்கு ஆகும் செலவையும் ஓர் ஊர் ஏற்க வேண்டும். இடையிலுள்ள நாற்பது ஆண்டு மட்டும் தோட்டத்துக்கு. அனுமதிப் பத்திரம் என்பது இந்தப் பேரத்தின் ரசீதேயன்றி வேறன்று.

*

இனி இலக்கியத்துக்கு வருவோம். மலையக இலக்கியத்தின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் நமக்கு இல்லை. துரையின் பங்களாவிலிருந்து பார்க்கப்பட்ட மலையை லயத்து வாசலிலிருந்து பார்க்கச் செய்தவர்கள் நமது எழுத்தாளர்களே.

அவர்களுக்கு முன்னரே, 1930களில், புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொணர்ந்தார். சி. வி. வேலுப்பிள்ளை 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தம்மை அனுப்பிய மக்கள் ஒரு சட்டத்தால் வாக்கிழந்ததைக் கண்ணெதிரே கண்டவர். தேயிலைத் தோட்டம் பற்றிய அவரது ஆங்கிலக் கவிதை, அடையாளமின்றித் தேயிலைச் செடிகளின் அடியிற் புதையுண்டவர்களை நினைவுகூர்ந்தது. அவரது ‘வீடற்றவன்’ நாவல், சங்கம் அமைக்க முனைந்து வேலையையும் வீட்டையும் இழந்த தொழிலாளியைப் பற்றியது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. கடல் கடந்து வந்த தலைமுறைகளை அது பின்தொடர்ந்தது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ உழைக்கும் பெண்ணின் தன்மானத்தைக் கதைப்பொருளாக்கியது. தெளிவத்தை ஜோசப் தமது தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ எனப் பெயரிட்டபோது, அந்தத் தலைப்பே ஓர் உரிமைக்குரலாயிற்று. தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ தோட்ட நிலத்தைக் காக்கும் போராட்டத்தைப் பாடுபொருளாகக் கொண்டது.

இவ்வளவும் இருந்தும், அம்மாணவியின் கேள்வி நிலைத்து நிற்கிறது. நமது கதைகளிற் பிரிவு நிறைய உண்டு. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அந்தக் கோச்சி புறப்படும் மேடை நமது சிறுகதைகளின் நிரந்தரக் களமாகிவிட்டது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்குமாகப் பிரிகின்றனர், காதலன் கடவுச்சீட்டோடும் காதலி பிரஜாவுரிமையோடும் நிற்கின்றனர், விசில் ஊதுகிறது, கதை முடிகிறது. இவற்றுட் சில உள்ளத்தை உருக்குவன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், ரயில் மேடை ஒரு முடிவேயன்றி ஒரு காரணமாகாது. அண்ணனையும் தங்கையையும் பிரித்தது ரயிலன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஒரு மேசையின் முன்னால், ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில், ஒரு தேதியைக் குறித்த குமாஸ்தாவின் பேனாவினால் அவர்கள் பிரிக்கப்பட்டனர். அந்த மேசை நமது புனைகதையின் நடுவிடத்துக்கு வந்ததாக நாம் அறிந்த வரையிற் சொல்வதற்கில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் யார்? கூலி எவ்வளவு? எழுத்தறியாதவள் எதை வாசித்து எதிற் பெருவிரல் பதித்தாள்? கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்குப் பன்விலையிலிருந்து புறப்பட்டவன் எத்தனை நாட்பேரை இழந்தான்? இவை சில்லறை விவரங்களல்ல. வரலாறு தனிமனிதனின் உடம்பைத் தொடும் இடங்கள் இவையே.

மேசையை விட்டுவிட்டு மேடையை மட்டும் எழுதும்போது ஒரு தத்துவப் பிழை நேர்கிறது. சட்டம் விதியாகிவிடுகிறது. ‘எங்க தலையெழுத்து’ என்று பாத்திரம் புலம்புகிறது. ஆசிரியனும் கூடவே நின்று புலம்புகிறான். மனிதர் கூடி, வாக்கெடுத்து, கையெழுத்திட்டுச் செய்த ஒன்று, மழையும் வெயிலும் போல் தானே வந்ததாகத் தோன்றுகிறது. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம், விதியை மாற்றுவதெங்ஙனம்? இரக்கத்தை எழுப்பிச் சிந்தனையை உறங்கவைக்கும் இலக்கியம், எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், பாதி உண்மையே.

*

காகிதத்தை இலக்கியமாக்க இயலாது என்று சிலர் கூறலாம். உலக இலக்கியம் இதற்கு வேறு விடை தருகிறது.

ரஷ்யாவின் கோகல் 1842இல் வெளியிட்ட ‘இறந்த ஆன்மாக்க’ளில், செத்துப்போன பண்ணையடிமைகள் அரசாங்கக் கணக்கேட்டில் உயிரோடிருக்கிறார்கள்; அவர்களை ஒருவன் விலைக்கு வாங்கிச் செல்கிறான். அங்கே இறந்தவன் காகிதத்தில் வாழ்ந்தான்; இங்கே வாழ்ந்தவன் காகிதத்தில் இறந்தான். உருதுவின் மாந்தோ, பாகிஸ்தான் பிரிவினைக்குப் பின்னர் பைத்தியக்காரர்களும் பங்கிடப்பட்டதை ‘டோபா டேக் சிங்’ சிறுகதையிற் சொன்னார். இரு நாடுகளுக்கும் இடையே எவருக்கும் சொந்தமில்லாத மண்ணில் வீழ்ந்து கிடக்கும் அக்கதைநாயகனை 1,50,000 எச்சத்தாரின் உடன்பிறப்பாகவே நாம் காண்கிறோம்.

ஆனால் நமக்கு மிக நெருங்கிய முன்மாதிரி, ஜெர்மானியப் பொதுவுடைமையாளரான அன்னா ஸெகர்ஸ் எழுதிய ‘டிரான்ஸிட்’ நாவலாகும். 1944இல் வெளியான இந்நூல், நாஜிகளிடமிருந்து தப்பி மார்ஸேல் துறைமுகத்தில் விசாவுக்காகக் காத்துக்கிடப்போரைப் பற்றியது. ஒரு நாட்டின் விசா கிடைப்பதற்குள் இன்னொரு நாட்டைக் கடக்கும் அனுமதி காலாவதியாகிறது. அதைப் புதுப்பிப்பதற்குள் கப்பல் போய்விடுகிறது. அந்நகரில் தங்குவதற்கு அனுமதி வேண்டுமானால், அதைவிட்டுப் போகப்போவதாக நிரூபிக்க வேண்டும். நமது 1964ஆம் ஆண்டு விதியும் இதுவேயன்றோ! ஸெகர்ஸ் அதைப் புலம்பலாக எழுதவில்லை. வரிசைகளை எழுதினார், முத்திரைகளை எழுதினார், அதிகாரியின் மேசையில் நடந்த உரையாடலை எழுதினார். வாசகன் முடிவில் அழுவதோடு நிற்பதில்லை. இந்த யந்திரத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று வினவுகிறான்.

*

இவ்விடத்தில் நாம் நமது முகத்தையும் கண்ணாடியிற் பார்த்தாக வேண்டும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இந்நாட்டின் இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் உறுதியோடு எதிர்த்தன. அது அவற்றின் வரலாற்றிலே ஒளிமிக்க பக்கம். ஆனால் 1964இல் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, லங்கா சமசமாஜக் கட்சி அதே அரசாங்கத்தின் அமைச்சரவையில் வீற்றிருந்தது. பதினாறு ஆண்டுகளில் எதிர்ப்பு இசைவாயிற்று. ஒப்பாரிக் கோச்சியைப் பாடிய முற்போக்கு எழுத்து அந்த மேசையைப் பற்றி ஏன் அதிகம் பேசவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நாம் ஐயுறுகிறோம். மேசையின் மறுபக்கத்தில் நமது தோழர்களும் அமர்ந்திருந்தபோது, கண்ணீரை எழுதுவது எளிது; கணக்கை எழுதுவது கடினம். இக்குற்றச்சாட்டிலிருந்து விமர்சகர்களாகிய நாமும் தப்பிவிட முடியாது. நாமும் ரயில் மேடைக் கதைகளைப் பாராட்டி எழுதியவர்கள்தாம்.

*

இதெல்லாம் பழங்கதை, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் நாடற்றோர் பிரச்னை தீர்ந்துவிட்டதே என்று வாசகர் வினவலாம். சட்டப்படி அது உண்மை. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றதால் இங்கேயே தங்கிவிட்ட, இந்தியக் கடவுச்சீட்டோடிருந்த முதியவரும் இன்று இலங்கைப் பிரஜையே. முன்னரே கப்பலேறி நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களோ, இங்கே இந்தியாக்காரராக இருந்து அங்கே சிலோன்காரராயினர்.

ஆனால் தகரப் பெட்டியின் மேலே கிடந்த புதிய காகிதத்தை மறந்துவிடலாகாது. தோட்டக் கூலி குடும்பத்தைத் தாங்காதபோது, பன்விலை மலைகளிலிருந்து பெண்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்கே அவர்களது விசா ஒரு தனி எசமானின் பெயரோடு பிணைக்கப்பட்டது. அவனுடைய இசைவின்றி வேறிடத்தில் வேலை செய்வது பெரும்பாலும் இயலாது. வீட்டைவிட்டு வெளியேறினால் ஓடிப்போனவள் எனப் பதிவாகும். கடவுச்சீட்டு பெரும்பாலும் அவன் அலமாரியில் இருக்கும். ‘கபாலா’ என்பது அம்முறையின் பெயர். கங்காணியின் துண்டை அறிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1921இல் ஒழிந்த துண்டு அரபு எழுத்தில் மீண்டும் அச்சாகியிருக்கிறது; அவ்வளவே.

இந்தப் பெண்களைப் பற்றி நமது பத்திரிகைகளில் வரும் கதைகள் எப்படிப்பட்டவை? தாய் வெளிநாடு போகிறாள், தகப்பன் குடிக்கிறான், பிள்ளை கெடுகிறது, அவள் திரும்பும்போது குடும்பம் சிதைந்திருக்கிறது. முடிவில் குற்றவாளி யார்? போனவளே. அரசாங்கமும் இவ்வாறே எண்ணிற்று. 2013ஆம் ஆண்டில் வந்த விதி, பணிப்பெண்ணாகச் செல்ல விரும்புவோரின் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கேட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய் போகலாகாது என்றது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது தாய்மையின் வயதும் குறைந்தது! பிள்ளையை விட்டுப் போகாமலிருக்கப் போதுமான கூலியைப் பற்றி அவ்விதி ஒன்றும் கூறவில்லை. அவள் மீது பழிசுமத்தும் கதை எழுதுவோர், அறிந்தோ அறியாமலோ, அந்த அறிக்கையின் கீழே தாமும் கையெழுத்திடுகிறார்கள்.

மலையாளத்தின் பென்யாமின் 2008இல் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ இங்கே நமக்குப் பாடமாகிறது. அதன் நாயகன் நஜீப் பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அடிமையாயிருந்து தப்பிச் சிறை சேருகிறான். அவனை வதைத்த எசமான் சிறைக்கு வந்து அவனை அடையாளம் கண்டும் அழைத்துச் செல்லாமல் திரும்பிவிடுகிறான். நஜீபின் விசா அவன் பெயரில் இல்லை. மூன்றரை ஆண்டு வதைபட்டவன், தான் திருடப்பட்ட பொருள் என்பதாலேயே தப்பினான் என்பதை அந்த ஒரு கட்டத்திலே வாசகன் அறிகிறான். அனுதாப வரி ஒன்றுமில்லை; ஆயினும் ஒரு முறை முழுவதும் அம்பலமாகிறது. காகிதத்தை அறிந்து எழுதுவதென்பது இதுதான்.

*

ஆகவே, நமது இளம் எழுத்தாளர்களுக்கு நாம் கூற விரும்புவது சுருக்கமானது. கண்ணீரைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கண்ணீர் எந்தக் கட்டத்தில் விழுந்து எந்த எழுத்தை அழித்தது என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு லயத்திலும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அவற்றை வைத்திருப்போர் முதியவர்கள். அவர்களோடு அப்பத்திரங்களின் கதையும் மண்ணுக்குள் போய்விடும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு அவற்றைப் படித்து எழுதச் செய்வார்களானால், பல்கலைக்கழக ஆய்வுகள் விட்டுவைத்த பெரும் வரலாறு ஒன்று எழுதப்படும். அதிலிருந்து நாவலும் பிறக்கும்.

பன்விலையில் நாம் விடைபெற்றபோது, அம்முதியவர் காகிதங்களை ஒவ்வொன்றாக முன்பிருந்த வரிசையிலேயே அடுக்கி மூடினார். 2003ஆம் ஆண்டுப் பத்திரம் கிடைத்தபின்னும் மற்றவற்றை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம்.

“இதுவும் ஒரு கடதாசிதானேங்க ஐயா. நாளைக்கு வேற ஒருத்தன் வந்து வேற கடதாசி கேட்டான்னா?” என்றார்.

சட்டம் தீர்ந்தது என்கிறது, அச்சம் தீரவில்லை. அந்த அச்சத்துக்குக் காரணமான மேசையைக் காட்டுவது இலக்கியத்தின் கடமை. அம்மாணவியின் கேள்விக்கு நாம் தரவேண்டிய விடை இன்னும் எழுதப்படவில்லை. அதை அவளே எழுதுவாளானால், அதனை முதலில் வாசித்துப் பாராட்டுவோர் நாமாகவே இருப்போம்.